கட்டிலில் சாய்ந்திருக்கும் பெண்: ஓர் ஓவியத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது எப்படி?

வீட்டுக்குள் தனியாக இருக்கும் பெண்ணை வரைந்த படங்கள் ஐரோப்பிய ஓவியத்தில் ஏராளம். குளிக்கிறாள், தலை வாருகிறாள், கடிதம் படிக்கிறாள், சும்மா படுத்திருக்கிறாள். பார்த்தால் எளிதாகத் தெரியும். பொருள் சொல்லப் போனால்தான் சிக்கல். அதுவும் படம் புகைப்படம் மாதிரி இல்லாமல், கோடு தடித்து, உடல் கனத்து, திரைச்சீலையில் இருக்கும் பூவெல்லாம் முன்னால் வந்து நின்றால், புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘வரையத் தெரியாமல் வரைந்திருக்கிறார்’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ‘இவள் மனதில் ஏதோ பெரிய சோகம்’ என்று கதை கட்டத் தொடங்குகிறார்கள்.

இரண்டும் படத்தைப் பார்க்காமல் தப்பிக்கிற வழிகள். நிதானமாகப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும் என்பதால் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: பிரெஞ்சு ஓவியர் சுசான் வலாடோன் 1923இல் வரைந்த ‘நீல அறை’. எண்ணெய் வண்ணம், உயரம் சுமார் 90 சென்டிமீட்டர், அகலம் சுமார் 116. பாரிஸில் நவீனக் கலைக்கான பொம்பிடு மையத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. அந்தக் கட்டடம் 2025இல் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. நமக்கு எப்படியும் திரைதான் கதி. திரையில் நீலம் ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு மாதிரி வரும், அதனால் இரண்டு மூன்று பிரதிகளைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றிப் பேசுங்கள். அளவையும் மனதில் வையுங்கள். கைபேசியில் உள்ளங்கை அளவாகத் தெரிகிற இந்தப் பெண், உண்மையில் ஒரு மேசைப் பரப்பு அளவுக்கு விரிந்து கிடக்கிறாள்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். இதே பெயரில் பிக்காசோவும் 1901இல் ஒரு படம் வரைந்திருக்கிறார். அது வாஷிங்டனில் பிலிப்ஸ் சேகரிப்பில் இருக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் நின்று ஒரு பெண் குளிக்கிற படம். அதையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில், இருப்பதை மட்டும் சொல்லுங்கள்

எந்தப் படத்தையும் பார்த்தவுடன் ஒரு காகிதத்தில், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். ‘அழகான’, ‘சோகமான’, ‘மர்மமான’ போன்ற சொற்களுக்கு இப்போது இடமில்லை. பொருள், உடல், நிறம், இவை போதும்.

‘நீல அறை’க்கு இப்படி வரும்: ஒரு பெண், நல்ல கனமான உடல். படுக்கையில் பாதி சாய்ந்து பாதி படுத்திருக்கிறாள். இளஞ்சிவப்பு உள்சட்டை, தோள் பட்டை மெலிதாக இருக்கிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பைஜாமா. வாயில் ஒரு சிகரெட். கறுத்த முடி, தூக்கி முடிந்தது. படுக்கை விரிப்பு நீலம், அதில் வெள்ளையாக இலைக் கொடி மாதிரி வேலைப்பாடு. திரைச்சீலையும் அதே நீலம். படுக்கையில் அட்டை தெரியும்படி இரண்டு புத்தகங்கள். அவள் நம்மைப் பார்க்கவில்லை.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் கடைசி வாக்கியத்தை எழுதும்போதே நீங்கள் அடுத்த படிக்கு வந்துவிட்டீர்கள்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

இதுதான் இந்த வகைப் படங்களில் முக்கியமான கேள்வி. மற்ற படிகளுக்கு நேரமில்லை என்றாலும் இதை விடாதீர்கள். தனியறையில் இருக்கும் பெண்ணை வரைந்தால், பார்க்கிற நாமும் அந்த அறைக்குள் வந்துவிடுகிறோம். நம்மை யார் உள்ளே விட்டது? அவளுக்கு நாம் இருப்பது தெரியுமா? தெரிந்தால் என்ன செய்கிறாள்?

பழைய படங்களில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள். ஒன்று, அவளுக்குத் தெரியும், நம்மை நேராகப் பார்க்கிறாள். இத்தாலிய ஓவியர் டிஷியன் 1538இல் வரைந்த ‘உர்பினோவின் வீனஸ்’ அப்படித்தான்: ஆடையில்லாமல் சாய்ந்தபடி, வரவேற்கிற மாதிரி பார்க்கிறாள், காலடியில் ஒரு நாய் தூங்குகிறது. அதே அமைப்பை எடுத்து பிரெஞ்சு ஓவியர் எத்துவார் மானே 1863இல் ‘ஒலிம்பியா’ வரைந்தார். இவளும் நேராகத்தான் பார்க்கிறாள், ஆனால் வரவேற்பு இல்லை. கடைக்குள் வந்த ஆளை எடை போடுகிற பார்வை. 1865இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது பெரிய ரகளையே நடந்தது. ஆடையில்லாத உடலை அந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தார்கள், அது அவர்களுக்குப் புதிதல்ல. அவளுடைய பார்வைதான் அவர்களைச் சீண்டியது என்பது என் எண்ணம்.

இரண்டாவது விடை, அவளுக்குத் தெரியாது. பிக்காசோவின் ‘நீல அறை’யைப் பாருங்கள். தலை குனிந்து, தன் உடம்பைக் கழுவுவதிலேயே இருக்கிறாள். நாம் ஒளிந்து பார்க்கிறோம். கதவிடுக்கு வரையப்படவில்லை, ஆனால் நாம் நிற்பது கதவிடுக்கில்தான்.

வலாடோனின் பெண் இரண்டிலும் சேரவில்லை. நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதற்காக ஒளிந்து பார்க்கிற உணர்வும் வரவில்லை. படுக்கை நமக்கு மிக அருகில், நேர் எதிரே இருக்கிறது, இருபுறமும் திரை விலகி மேடை மாதிரி திறந்திருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் நிற்கிற நம்மை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பார்வை வேறு எங்கோ இருக்கிறது. நாம் அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் சிகரெட் முடிகிறவரை அவள் அப்படியேதான் இருக்கப் போகிறாள்.

இந்தப் படியில் ஒரு சின்னப் பயிற்சி. நீங்களே அதே மாதிரி சாய்ந்து, கையை அதே மாதிரி வைத்துப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் உடம்பு சொல்லிவிடும். ஒலிம்பியாவின் நிலையில் கொஞ்ச நேரம் இருந்தால் ‘போஸ்’ கொடுக்கிறோம் என்று உடனே தெரியும். ‘நீல அறை’ நிலையில் அப்படியே தூங்கிப் போகலாம்.

வளைத்து வரைந்தது எதற்கு?

இனி ‘வரையத் தெரியவில்லை’ என்கிற புகாருக்கு வருவோம். உள்ளது உள்ளபடி வரையாமல் மாற்றி வரைவது 20ஆம் நூற்றாண்டில் முளைத்த பழக்கம் அல்ல. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1814இல் வரைந்த ‘பெரிய ஒடாலிஸ்க்’ (அந்தப்புரத்துப் பெண்) பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; வழவழவென்று, நகம் முதல் பட்டு வரை எல்லாம் நிஜம் போல. ஆனால் அந்த முதுகு அநியாயத்துக்கு நீளம். முதுகெலும்பில் எலும்புகள் கூடுதலாக இருக்கின்றன என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்தார்கள். ஆங்கருக்கு உடற்கூறு தெரியாமல் இல்லை. வளைகோடு நீளமாக, இழுத்த மாதிரி ஓட வேண்டும் என்று விரும்பினார், உடலை அதற்கேற்ப நீட்டினார்.

ஆக, கேட்க வேண்டியது ‘இது நிஜம் மாதிரி இருக்கிறதா?’ என்பதல்ல. ‘மாற்றியதால் யாருக்கு என்ன கிடைத்தது?’ என்று கேளுங்கள். ஆங்கர் முதுகை நீட்டியதால் பார்க்கிறவரின் கண் தடவிக்கொண்டே போக ஒரு நீண்ட பாதை கிடைத்தது. அந்த உடல் பார்ப்பவருக்காக நீண்டது.

வலாடோன் என்ன மாற்றினார்? முதலில் கோடு. கை, தோள், வயிறு எல்லாவற்றையும் சுற்றி ஒரு தடித்த கருங்கோடு ஓடுகிறது. ஒளி நிழலால் உடலை மென்மையாக்கிக் காற்றில் கரைய விடுவது பழைய வழி. இவர் கோட்டால் உடலை அடைத்துவிடுகிறார். அது இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, அவ்வளவுதான். அடுத்து ஆழம். அறைக்குள்ளே கண் போக வழியே இல்லை; திரை, விரிப்பு இரண்டும் ஒரே நீல வேலைப்பாட்டில் இருப்பதால் எது முன்னால் எது பின்னால் என்பது மங்கி, எல்லாமே படப்பரப்பின் மேலே வந்து நிற்கிறது. மூன்றாவது, எடை. கைகள் தடித்தவை, உழைத்த கைகள் மாதிரி. இடுப்பு படுக்கையில் நன்றாக அழுந்தியிருக்கிறது.

இந்த மாற்றங்களால் பார்ப்பவருக்குச் சுகமான பாதை எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்குத்தான் கிடைத்தது: எடையும் எல்லையும். சுற்றிலும் நீலக் கொடி வளைந்து வளைந்து ஓடும்போது, பைஜாமாவின் கோடுகள் மட்டும் தனி வரிசையாக நிற்கின்றன. அலங்காரத்துக்கு நடுவே அவள் இன்னொரு அலங்காரமாகக் கரைந்துபோகாமல் தடுப்பது அந்தக் கோடுகள்தான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறம் போனபின் கோடு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். அப்புறம் அவள் உருவத்தை விரலால் மறைத்துவிட்டு அறையை மட்டும் பாருங்கள். பிறகு அறையை மறைத்துவிட்டு அவளைப் பாருங்கள். எதை எடுத்தால் படம் அதிகம் பாழாகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொருட்களுக்கு அகராதி தேடாதீர்கள்

நாய் என்றால் விசுவாசம், கண்ணாடி என்றால் அகந்தை, பூ என்றால் கற்பு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற பக்கங்கள் நிறைய உண்டு. சில பழைய படங்களுக்கு அவை உதவும். 1923இல் வரைந்த படத்துக்கு அதை அப்படியே பொருத்தினால் அபத்தமாகிவிடும். பொருளைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்தக் காலத்தில், அந்த ஊரில் இதை யார் வைத்திருப்பார்கள்? இதே மாதிரிப் படங்களில் இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பார்வையாளர் பலருக்கும் சட்டென்று ‘கெட்ட பெண்’ என்று தோன்றிவிடும். நம் சினிமா பழக்கிய பழக்கம். பிரான்சிலும் 19ஆம் நூற்றாண்டில் புகைக்கும் பெண்ணைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. இடுப்பை இறுக்கும் கச்சையை விட்டது, முடியை வெட்டியது, பைஜாமா அணிந்தது, வெளிப்படையாகப் புகைத்தது, எல்லாம் சேர்ந்து ‘புதிய பெண்’ என்று பத்திரிகைகள் பேசிய காலம். ஓட்டுரிமை மட்டும் அவர்களுக்கு 1944 வரை வரவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது. ஒடாலிஸ்க் என்பது துருக்கிய அந்தப்புரத்துப் பெண் என்ற பெயரில் ஐரோப்பியர் தங்கள் கற்பனையில் வரைந்த படவகை. மெத்தை, பட்டுத் திரை, விசிறி, நீண்ட புகைக்குழாய் ஆகியவை அதில் வழக்கமான சாமான்கள். ஆங்கரின் படத்திலும் புகைக்குழாய் உண்டு. வலாடோன் இதை வரைந்த அதே 1920களில் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் நீஸ் நகரத்தில் ஒடாலிஸ்க் படங்களாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது ‘நீல அறை’யைத் திரும்பப் பாருங்கள். பூவேலைத் திரை இருக்கிறது, மெத்தை இருக்கிறது, சாய்ந்த பெண் இருக்கிறாள், அகலமான கால்சட்டைகூட இருக்கிறது, புகையும் இருக்கிறது. எல்லாச் சாமானும் அதே இடத்தில். அந்தப்புரப் புகைக்குழாய் மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கிய சிகரெட் ஆகிவிட்டது, பட்டுக் கால்சட்டை வீட்டுப் பைஜாமா ஆகிவிட்டது. இதை நான் நகைச்சுவையாகத்தான் பார்க்கிறேன், அதுவும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்ன நகைச்சுவை.

புத்தகங்கள்? மஞ்சள் காகித அட்டை போட்ட மலிவுப் பதிப்பு நாவல்கள் அன்றைய பிரான்சில் எங்கும் கிடைத்தவை. வான்கோவும் அவற்றைக் குவியலாக வரைந்திருக்கிறார். வலாடோனின் படுக்கையில் கிடப்பவற்றின் தலைப்பைப் படிக்க முடியாது. படிக்க முடியாததை ஊகித்துப் பெயர் வைக்காதீர்கள். ‘இவள் படிக்கிறவள், இப்போது படிக்கவில்லை’ என்பதே போதும்.

ஓவியரின் வாழ்க்கை கடைசியில்தான்

ஏன் கடைசியில்? முதலிலேயே தெரிந்துகொண்டால் படத்தை வாழ்க்கைக்கு விளக்கப்படமாக ஆக்கிவிடுவோம். வலாடோன் விஷயத்தில் இந்த ஆசை கட்டுக்கடங்காது, ஏனென்றால் வாழ்க்கை அப்படி.

1865இல் லிமோஜ் வட்டாரத்தில் பிறந்தவர், இயற்பெயர் மரி-கிளெமான்தீன். தந்தை யாரென்று தெரியாது. தாய் பாரிஸில் சலவை வேலையும் வீட்டு வேலையும் செய்து வளர்த்தார். பதின்ம வயதில் சர்க்கஸில் சேர்ந்து, விழுந்து அடிபட்டு, அந்தத் தொழில் முடிந்தது. பிறகு பாரிஸின் மொன்மார்த்ர் பகுதியில் ஓவியர்களுக்கு மாடல். ரெனுவாரின் ‘பூஜிவாலில் நடனம்’ (1883) படத்தில் தொப்பியோடு சுழல்கிறவர் இவர்தான். துலூஸ்-லோத்ரெக்கின் படம் ஒன்றில் குடித்து ஓய்ந்து மேசையில் சாய்ந்திருக்கும் பெண்ணும் இவர்தான். ஒரே ஆள், ஓர் ஓவியர் கையில் உல்லாசமாகவும் இன்னொருவர் கையில் நொந்துபோயும் தெரிகிறார். சுசான் என்ற பெயரைச் சூட்டியதும் லோத்ரெக் என்றே சொல்வார்கள். குளிக்கும் சூசன்னாவைக் கிழவர்கள் ஒளிந்து பார்க்கிற விவிலியக் கதையை வைத்துச் செய்த கிண்டலாம், கிழட்டு ஓவியர்களுக்கு முன்னால் நிற்கிறாள் என்று. கலைப்பள்ளிக்குப் போகாமல் தானே வரையப் பழகினார். ஓவியர் எட்கர் டெகா அவர் கோட்டோவியங்களை வாங்கி ஊக்கம் கொடுத்தார். ‘நீல அறை’ வரையும்போது வயது 58 நெருங்கிவிட்டது.

இதைப் படித்த பிறகு படம் கொஞ்சம் மாறும், மாறட்டும். வருடக்கணக்கில் ‘அசையாதே, கையை இப்படி வை’ என்று பிறர் சொல்லக் கேட்டவருக்கு, ஒரு மாடலின் உடம்பு எப்போது தன்னுடையதாக இருக்கிறது என்று தெரிந்திருக்கும். மாடல் அசையாமல் நிற்பது வேலை. ‘நீல அறை’யில் இருப்பது வேலை நேரம் முடிந்த உடம்பு மாதிரி இருக்கிறது. இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் வாழ்க்கை வரலாறு மட்டும் அல்ல; கனத்து அழுந்திய இடுப்பும், எங்கோ போன பார்வையும் படத்திலேயே இருக்கின்றன. வாழ்க்கையில் இருந்து மட்டும் எடுத்து, படத்தில் காட்ட முடியாத எதையும் பொருளாகச் சொல்லாதீர்கள். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதி உளறல் தானாக நின்றுவிடும்.

எழுதிப் பாருங்கள்

நான்கைந்து வாக்கியம் போதும். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘ஏனென்றால்’ இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஏதாவது ஒன்று வர வேண்டும். ‘இந்த ஓவியம் பெண் விடுதலையைப் பேசுகிறது’ என்பது எந்தப் படத்துக்கும் ஒட்டுகிற சுவரொட்டி. ‘சாய்ந்த பெண் என்ற பழைய படவகையை எடுத்துக்கொண்டு, அதில் பார்ப்பவருக்கு இருந்த சலுகையை வலாடோன் பறித்துவிடுகிறார், ஏனென்றால் அவள் நம்மை வரவேற்கவும் இல்லை, நாம் ஒளிந்து பார்க்க இடமும் இல்லை’ என்பது இந்தப் படத்துக்கு மட்டும் பொருந்தும். இதை ஒருவர் மறுக்கவும் முடியும். மறுக்க முடிகிற மாதிரி சொல்வதுதான் நல்லது.

இதே வரிசையை வேறொரு படத்தில் போட்டுப் பார்க்க, டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இருக்கும் அம்ரிதா ஷெர்கில்லின் ‘கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1940இல் வரைந்தது. ஷெர்கில் 1929 முதல் 1934 வரை பாரிஸில் படித்தவர், சாய்ந்த பெண்களின் மேற்கத்திய வரிசை அவருக்கு அத்துப்படி. பாரிஸ் படங்களில் இருந்த ஒளி நிழலை இதில் பெரும்பாலும் விட்டுவிட்டு, தட்டையான நிறப்பரப்புகளால் உருவங்களைக் கட்டுகிறார். சிவப்பு உடையில் ஒரு பெண் முழங்காலை மடக்கிக் கட்டிலில் கிடக்கிறாள். ஆடை களையவில்லை, ஆனாலும் படம் முழுக்க ஒரு வெக்கை. இங்கே சிவப்பு என்ன செய்கிறது? கட்டிலை எந்தக் கோணத்தில் இருந்து பார்க்கிறோம்? அவள் கண் எங்கே?

அப்புறம், பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணைக் கவனியுங்கள். இந்த வகைப் படங்களில் இந்த இரண்டாவது பெண் அடிக்கடி வருவாள். டிஷியனில் பின்னறையில் துணிப்பெட்டியைத் துழாவும் பணிப்பெண்கள், மானேயில் பூச்செண்டு கொண்டுவரும் கறுப்பினப் பெண் லோர், ஷெர்கில்லில் விசிறிக்காரி. ஒருத்திக்கு ஓய்வறையாக இருக்கும் இடம் இன்னொருத்திக்கு வேலையிடம். வலாடோனின் அறையில் அப்படி யாரும் இல்லை. வேலைக்காரியின் மகள் வரைந்த படம் அது. ஷெர்கில் பிறந்தது வசதியான குடும்பத்தில். இந்த வேறுபாட்டைப் பொருளாகச் சொல்லலாமா, அல்லது அது வாழ்க்கை வரலாற்றில் இருந்து மட்டும் எடுத்ததா? விசிறிக்காரியின் முகத்தையும் கையையும் வண்ணம் தீட்டியிருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.